டெல்ஃபினா குடித்த ஆரத்தித் தண்ணீர்

1

போன வாரம் குடியேற்ற அலுவலகத்துக்குப் போயிருந்தேன். என் வசிப்பு அட்டை காலாவதியாகிப் பல மாதம் ஆகிறது. போகும்போதெல்லாம் ஏதாவது ஒரு தாள் குறையும். இந்தத் தடவை பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பு. போன தடவையே கொடுத்துவிட்டேன் என்றேன். போன தடவை அந்த நாற்காலியில் இருந்தவர் வேறு ஆள் என்றார்கள். ஊரில் சாதிச் சான்றிதழுக்கு நின்று பழகிய கால் என்பதால் எனக்கு ஒன்றும் புதிதாக வலிக்கவில்லை.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் புகைப்படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்கள்தானே அந்தச் சிவப்புத் தண்ணீர் அம்மா?" என்று கேட்டார்.

பின்னால் நின்ற வரிசை முழுக்க எட்டிப் பார்த்தது. "ஆமாம், நானேதான்" என்றேன், அவர் தாழ்த்திய குரலையும் சேர்த்து உயர்த்தி.

அவர் மொழிபெயர்ப்போடு அடுத்த வாரம் வரச் சொன்னார்.

அந்தச் சிவப்புத் தண்ணீர் சங்கதி நடந்து இந்த மாதத்தோடு ஒரு வருடம். ஊருக்கு வீடியோ மட்டும்தான் வந்து சேர்ந்தது, கதை வந்து சேரவில்லை. காலனியில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்களாம். அமுலு பெருவில் பேய் ஓட்டுகிறாள் என்று ஒருத்தி, கட்சியில் பெரிய பதவி என்று இன்னொருத்தி. இரண்டுமே நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

2

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய காலனி எங்களுடையது. தாத்தா வரைக்கும் அடுத்தவர் வயலில் கூலி. வயலெல்லாம் கம்பெனியானதும் நைனா உலைக்குப் பழைய இரும்பு ஏற்றப் போனார், அம்மா கம்பெனியில் பெருக்கப் போனாள். நான் கட்டிக்கொண்ட சேகர் ரோலிங் மில் ஃபிட்டர். தென்னமெரிக்காவில் பெரு நாட்டில் ஓர் இரும்பாலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஏஜென்ட் வந்து சொன்னபோது, பக்கத்து வீட்டு மாமா, "அது பெங்களூர்ல எந்தப் பக்கம்பா?" என்று கேட்டார். சேகர் முதலில் போனார். பின்னால் நானும், அப்போது நடக்கப் பழகிக்கொண்டிருந்த மகள் பவானியும்.

நாங்கள் வந்து இறங்கியது வடகடற்கரையில் ஒரு துறைமுக ஊர். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மணல் மலை. மழை என்பதே கிடையாது. மீனை அவித்துத் தூளாக்குகிற ஆலைகள் கரை நெடுக இருக்கின்றன. அந்த வாடைக்குப் புதிதாக வருகிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். உலைத் தூசியைச் சோற்றோடு சாப்பிட்டு வளர்ந்தவள் நான், பொத்தவில்லை.

அதைக் கவனித்துத்தான் டெல்ஃபினா அக்கா என்னிடம் பேச வந்தார். எங்கள் தெருக்கோடியில் பொதுப்பானைச் சமையல் நடக்கும். வேலையில்லாத வீடுகளுக்காகத் தெருப் பெண்கள் சேர்ந்து ஒரே பானையில் சமைப்பார்கள். அந்தப் பானையை ஆரம்பித்தவர் அவர். அவர் பேசுவது ஸ்பானிஷ்தான், ஆனால் என் காதில் அது எங்கள் காலனிப் பேச்சாகவே விழும். அப்படியே எழுதுகிறேன். ஸ்பானிஷ் படித்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

"இன்னா வெசினா, மூக்க பொத்தாத நிக்கற? வா, வந்து கிண்டு" என்றார். வெசினா என்றால் பக்கத்து வீட்டுக்காரி. கரண்டியைக் கையில் கொடுத்துவிட்டு, ஒரு கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். அன்றைக்குப் பிடித்த கரண்டி இன்னும் என் கையில்தான் இருக்கிறது.

படகுக் கூலியின் மகள் அவர். சிறு வயதில் துறைமுகத்தில் மீன் கழுவினார். ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வாசலில் அடுப்பு மூட்டிச் சமைத்துப் போட்டார். அந்த அடுப்புதான் அவருக்கு அரசியல் பள்ளிக்கூடம். முதலில் நகரசபை உறுப்பினர் ஆனார். மணல் மேட்டுக் குடியிருப்புகளுக்குக் குழாய்த் தண்ணீர் வரும்வரை நகரசபைக் கூட்டத்துக்குத் தினமும் காலிக் குடத்தோடு போனாராம். அப்புறம் மாகாண சபை உறுப்பினர். அங்கே, பாதியில் நிற்கிற ஆஸ்பத்திரிக் கட்டடத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்ததால் சபையிலிருந்து இடைநீக்கம் செய்தார்கள். இடைநீக்கம் முடிகிறவரை சபை வாசலில் பானை வைத்துச் சமைத்தார். அவரை வெளியே தள்ளிய காவலாளிகளும் அங்கேதான் சாப்பிட்டார்கள்.

"அவங்களுக்கு ஏன்கா சோறு போட்ட?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தள்றது அவனுக்கு வேலை. பசிக்கிறது அவனுக்கு வவுறு. ரெண்டும் வேற வேற வெசினா" என்றார்.

3

ஊரில் நான் பார்த்த அரசியல் வேறு. தேர்தல் வந்தால் எங்கள் காலனிப் பெண்கள் தட்டோடு நிற்க வேண்டும். எந்த வேட்பாளர் எந்த நேரம் என்று கட்சிக்காரர் முன்கூட்டியே சொல்லிவிடுவார். காலையில் ஒரு கட்சி, மாலையில் எதிர்க்கட்சி. மஞ்சளும் சுண்ணாம்பும் அதேதான், தண்ணீரை மட்டும் மாற்றிக் கரைப்போம். பாவாடை சட்டை போட்ட வயதிலிருந்து எல்லாக் கட்சிக்கும் ஆரத்தி எடுத்த கை இது. சுற்றினால் தட்டில் நோட்டு விழும். அதற்காகத்தான் சுற்றினோம், அதில் மறைக்க ஒன்றுமில்லை.

ஒரு தேர்தலில் அம்மாவுக்கு என்ன தோன்றியதோ, ஆரத்தியோடு டீயும் போட்டாள். உலைத் தூசி துவைத்த துணியில் படிகிறது, பிள்ளைகளுக்கு இருமல் நிற்கவில்லை, உட்கார வைத்துச் சொல்ல வேண்டும் என்று ஆசை. பரண் மேலிருந்த புது எவர்சில்வர் டம்ளரை இறக்கிக் கழுவிக் கொடுத்தாள். வேட்பாளர் வாங்கினார், சிரித்தார், "சுகர்மா" என்று சொல்லிப் பின்னால் இருந்தவரிடம் நீட்டினார். அவர் அதற்குப் பின்னால் இருந்தவரிடம் நீட்டினார். டம்ளர் அப்படியே கைமாறிக் கைமாறி எங்கள் வாசலுக்கே திரும்பி வந்தது, ஏடு படிந்து.

"ஊர்த்தெருவுல ரோஸ் மில்க் குடிச்சினு இருந்தாரே, நானே பாத்தனே. அப்ப சுகரு இல்லியா?" என்று அம்மா கேட்டாள், ஜீப் போன பிறகு.

"உடுமே. டம்ளராவது திரும்பி வந்துச்சே" என்றார் நைனா.

அது ஒருவரோடு நிற்கவில்லை. அதற்குப் பிறகு வந்த எல்லோருக்கும், எந்தக் கொடி கட்டியிருந்தாலும் சரி, எங்கள் தெருவுக்குள் காலை வைத்ததும் சர்க்கரை வியாதி வந்துவிடும். இதை நாங்கள் சிரித்துக்கொண்டேதான் சொல்வோம். சிரிக்காமல் சொன்னால் வயிறு எரியும்.

4

போன வருடம் டெல்ஃபினா அக்கா மாகாண ஆளுநர் பதவிக்கு நின்றார். எங்கள் முதலமைச்சர் மாதிரி என்று அம்மாவுக்குப் போனில் விளக்கினேன். பிரசாரத்துக்கு எங்கள் தெருவுக்கு நடந்து வருகிறார் என்றதும் எனக்குள் ஏதோ பொங்கிவிட்டது. யாரும் வந்து சொல்லாமல், தட்டில் எதுவும் விழாமல், நானாக ஓர் ஆரத்தி எடுக்க வேண்டும்.

மஞ்சள் இங்கே சமையலுக்கே கிடைக்கிறது. சுண்ணாம்புக்கும் கஷ்டமில்லை. மலைக்காரர்கள் ஓர் இலையைச் சுண்ணாம்பு வைத்து மெல்லுகிறார்கள், நம் வெற்றிலை மாதிரிதான். சந்தையில் மூலிகை விற்கிற அம்மா ஒரு சின்னச் சுரைக்குடுக்கையில் கொடுத்தார். கற்பூரம்தான் இல்லை. அம்மா அனுப்பிய பொட்டலம் சுங்க அலுவலகத்தில் கிடந்தது. இந்தப் பக்கத்து நாடுகளில் வெள்ளைக் கட்டியைப் பார்த்தால் சுங்கக்காரர்களுக்கு வேறு ஞாபகம் வந்துவிடும். சாமிக்கு ஏற்றுவது என்று நான் மூன்று மேசைக்குப் போய்ச் சொன்னேன். ஸ்பானிஷில் உயிரில்லாத பொருளுக்கும் ஆண், பெண் உண்டு, எனக்கு இன்னும் மேசை ஆணா பெண்ணா என்றே தெரியாது. சாமிக்கு என்பதற்குப் பதில் சாமியார் விழுங்குவதற்கு என்று சொல்லிவிட்டேன் போல, பொட்டலத்தை இன்னும் உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்.

கற்பூரம் மட்டும் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. எரிகிற தட்டை யாரும் வாயில் வைக்க மாட்டார்கள்.

கூட்டத்தோடு அக்கா வந்தார். நான் கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். மூன்று சுற்று சுற்றினேன். விரலைத் தோய்த்து நெற்றியில் பொட்டு வைத்தேன். தண்ணீரைத் தெருவில் ஊற்றத் திரும்புவதற்குள், அவர் இரண்டு கையாலும் தட்டைப் பிடித்து, வாயில் வைத்து, ஒரு மடக்குக் குடித்துவிட்டார்.

அவர்மேல் தப்பில்லை. இந்த ஊரில் வீட்டுக்கு வருகிறவருக்குச் சோளத்தில் செய்த சிச்சா கொடுப்பார்கள். அதிலும் ஒரு வகை இதே மாதிரி சிவப்பாக இருக்கும். கொடுத்ததைக் குடிக்காமல் எந்த வீட்டு வாசலையும் தாண்டுவதில்லை என்பது அவர் மீன் கழுவிய காலத்திலிருந்து வைத்திருக்கிற வைராக்கியம். துப்பவில்லை, முகம் சுளிக்கவில்லை. விழுங்கினார். உதட்டைத் துடைத்துக்கொண்டு, "இன்னா வெசினா, சர்க்கர போட மறந்துட்டியா?" என்றார்.

பின்னால் நின்ற கூட்டம் கை தட்டியது. மிச்சத் தண்ணீரைத் தெருவில் ஊற்றிவிட்டு, எங்கள் வீட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். எல்லோரும் அது சந்தோஷம் என்று நினைத்தார்கள். அதுவும்தான்.

5

மறுநாள் வீடியோ வந்தது. வெட்டி ஒட்டியிருந்தார்கள். பட்டுப் புடவை கட்டிய அந்நியப் பெண் எதையோ முணுமுணுத்துத் தட்டைச் சுற்றுகிறாள், வேட்பாளரின் நெற்றியில் சிவப்பு, உதட்டில் சிவப்பு, தெருவில் சிவப்புக் குட்டை. சர்க்கரை கேட்டது இல்லை, கை தட்டல் இல்லை. சூனியக்காரி கையால் ரத்தம் குடிக்கிறாள் உங்கள் அடுத்த ஆளுநர் என்று கீழே எழுதியிருந்தது.

பவானியைப் பள்ளியில் பானி என்று கூப்பிடுவார்கள். அன்றைக்குச் சூனியக்காரி மகள் என்று கூப்பிட்டார்களாம். பெரியபாளையத்து அம்மன் பெயர் வைத்த பெண் அவள். நான் வேப்பிலை கட்டிக்கொண்டு அந்தக் கோயிலைச் சுற்றிய கதையைச் சொன்னால் காதில் மாட்டியிருப்பதைக் கழற்ற மாட்டாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஸ்பானிஷில் பதில் சொல்வாள், இரண்டு ரயில் பக்கத்துப் பக்கத்துத் தண்டவாளத்தில் போகிற மாதிரி வருடக்கணக்காக ஓடுகிறது. அன்று பையைப் போட்டுவிட்டு ஸ்பானிஷில், "நீ மட்டும் ஏன் எப்போதும் வேறு மாதிரி இருக்க வேண்டும்?" என்று கேட்டாள். போன் முகப்பில் நாங்கள் சேர்ந்து இருந்த படத்தை நீக்கிவிட்டு, தான் மட்டும் இருக்கிற படத்தைப் போட்டாள். எனக்கு அந்த வீடியோவைவிட அதுதான் வலித்தது.

சாயங்காலம் அக்கா கட்சியின் வக்கீல் வந்தார். இளவயது, நல்ல சட்டை, நல்ல பேச்சு. "நாளை வானொலியில் நீங்கள் பேச வேண்டும், அம்மா. அது உங்கள் நாட்டு மூடப்பழக்கம் என்றும், என்னவென்று சொல்லாமல் கொடுத்துவிட்டீர்கள் என்றும் சொல்லி மன்னிப்புக் கேட்டால் போதும். டோனா டெல்ஃபினாவுக்கு இது தெரிய வேண்டாம்" என்றார். டோனா என்பது இங்கே பெண்கள் பெயருக்கு முன்னால் மரியாதைக்குச் சேர்ப்பது. கிளம்பும்போது வாசலில் நின்று, "உங்கள் அட்டை வேறு புதுப்பிப்பில் இருக்கிறதாமே. வெளிநாட்டுக்காரர் தேர்தலில் தலையிட்டார் என்று யாராவது புகார் எழுதினால் சிக்கலாகிவிடும், பாருங்கள்" என்றார்.

அவர் போனதும் சேகர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"இன்னாத்துக்கு நமக்கு இந்த பேஜாரு அமுலு? ஒரு சாரி சொல்ட்டு வந்துடு. அட்டை போச்சுன்னா ஊருக்குதான் போவணும். பொண்ணு படிப்பு இன்னா ஆவறது?"

"நான் இன்னா தப்பு பண்ணேன்?"

"தப்பு பண்ணாதான் சாரி சொல்லணுமா? மில்லுல நான் டெய்லி சொல்லிக்கினுதான் கீறேன்."

அவர் சொன்னது உண்மை. எனக்குக் கோபம் அவர்மேல் இல்லை. இந்த நாட்டில் நான் முதலில் கற்ற சொல்லும் அதுதான். டிஸ்குல்பே, மன்னிக்கவும். பஸ்ஸில், கடையில், பள்ளிக்கூடத்தில், அலுவலக ஜன்னலில், வாயைத் திறந்ததும் முதலில் அது வரும், பிறகுதான் விஷயம் வரும். தும்மினால்கூடச் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். முழுக்கக் கேட்டாள். பின்னால் ஷிஃப்ட் பஸ் ஹாரன் கேட்டது.

"அந்தம்மா நீ குடுத்தத குடிச்சாளா, இல்லியா?"

"குடிச்சாங்கம்மா."

"ஆரத்தித் தண்ணியவா?"

"ஆமா."

"அடியே, என் டீய ஒருத்தனும் குடிக்கலடி" என்றாள். "நீ மன்னிப்பு கேட்டுட்டு எனக்கு போன் பண்ணாத, சொல்ட்டன்."

6

வானொலி நிலையம் மீன் சந்தைக்கு மேலே ஓர் அறை. பேட்டி எடுத்தவர் மரியாதையானவர். தண்ணீர் கொடுத்தார், குடித்தேன். வக்கீல் கண்ணாடிக்கு வெளியே நின்று தலையசைத்தார்.

"அம்மா, மக்களிடம் ஏதோ சொல்ல விரும்புகிறீர்களாம்."

வாய் பழக்கத்தில் அந்த முதல் சொல்லுக்குப் போனது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். என் ஓட்டை ஸ்பானிஷில் நான் சொன்னது ஏறக்குறைய இதுதான்:

"அது மஞ்சள். அது சுண்ணாம்பு. உங்கள் சந்தையில் வாங்கினேன். எங்கள் ஊரில் வெளியே போய்விட்டு வருகிறவர்களுக்குச் சுற்றிப்போடுவோம். கல்யாணம் முடித்து வந்தால், ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால், ஜெயிலிலிருந்து வந்தால்கூட. கண்பட்டது போகட்டும் என்று தெருவில் ஊற்றுவோம். குடிக்க மாட்டோம். டோனா டெல்ஃபினாவுக்கு அது தெரியாது. வீட்டில் கொடுத்ததைக் குடிக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். எங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் ஒருவரும் என் அம்மா கொடுத்த டீயைக் குடிக்கவில்லை. நாங்கள் கீழே என்று நினைத்தார்கள். குடிக்க வேண்டியதைக் குடிக்காதவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். குடிக்கக் கூடாததையும் என் வீட்டுத் தட்டு என்பதற்காகக் குடித்த ஒருவரை இங்கே பார்த்துவிட்டேன். இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். இதற்குக் கேட்க மாட்டேன்."

கண்ணாடிக்கு வெளியே வக்கீல் இல்லை. கீழே சந்தையில் மீன் வெட்டுகிற சத்தம் நின்றிருந்தது. அங்கே எல்லாக் கடையிலும் இதே நிலையம்தான் ஓடும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்று மாலைக் கூட்டத்தில் டெல்ஃபினா அக்கா ஒலிபெருக்கியைப் பிடித்து, "ஆமா, குடிச்சன்! என் வாயி, என் வவுறு, ஒன்னும் ஆவல. ஆஸ்பத்திரி கட்ற துட்ட குடிச்சிட்டு ஒக்காந்துனு கீறானுங்களே, அவனுங்க வவுத்த போய் பாருங்க!" என்றார். வக்கீலை மறுநாளிலிருந்து அந்தப் பக்கம் காணவில்லை.

7

தோற்றுவிட்டார். கதையில் வருகிற மாதிரி எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் தோற்றுவிட்டார். கட்சிக்காரர்களில் சிலர் என்னால்தான் என்றார்கள். சிலர் சந்தையில் என்னைக் கண்டால் பாதை மாறினார்கள். நானும் சில நாள் அப்படித்தான் நினைத்து, பொதுப்பானைப் பக்கம் போகாமல் வீட்டுக்குள் கிடந்தேன். சேகர் இரண்டு வேளையும் அவரே சமைத்தார்.

ஒரு நண்பகலில் கதவு தட்டுகிற சத்தம். அக்கா தனியாக நின்றிருந்தார். மாலை இல்லை, கூட்டம் இல்லை, காலில் பழைய செருப்பு.

"பானை தீயுது, கிண்ட ஆளக் காணோம்" என்றார். நான் எதுவோ சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். "ரேடியோவுல சொன்னியே, ஜெயிலுலருந்து வர்றவனுக்கும் சுத்துவீங்கன்னு. தோத்துட்டு வர்றவளுக்கு சுத்துவீங்களா?"

ஊரில் தோற்ற வேட்பாளர் யாரும் எங்கள் தெருவுக்குத் திரும்பி வந்ததே இல்லை. ஜெயித்தவரும்தான். அதனால் எனக்கு அதற்கு வழக்கம் என்னவென்று தெரியாது. "சுத்துவோம்கா. நில்லு" என்றேன்.

மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்தேன். கூடவே ஒரு டம்ளரில் டீ போட்டேன், இஞ்சி தட்டி, பால் விட்டு, சர்க்கரை இரண்டு கரண்டி தூக்கலாக. கற்பூரம் இன்னும் சுங்கத்தில்தான்.

"இத்த குடி" என்று டம்ளரை நீட்டினேன். "அத்த குடிக்காத."

அவர் வாசலில் நின்றபடியே, அவசரமில்லாமல், கடைசிச் சொட்டு வரை குடித்தார். காலி டம்ளரை என் கையில் கொடுத்தார். அம்மாவின் அந்த எவர்சில்வர் டம்ளர்தான் அது. பெருவுக்குக் கிளம்பும்போது என் பெட்டியில் போட்டு அனுப்பினாள்.

தட்டை எடுத்தபோது எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பக்கத்து மாடியில் ஒருவர் போனைத் தூக்கினார். அப்போது உள்ளே இருந்து பவானி தன் போனை நீட்டிப் பிடித்தபடி வெளியே வந்தாள். "நான் எடுக்கிறேன், முழுசா. இனிமேல் யாரும் வெட்டி ஒட்ட முடியாது" என்றாள் ஸ்பானிஷில், மாடியைப் பார்த்து, மாடிக்குக் கேட்கிற மாதிரி.

மூன்று சுற்று சுற்றினேன். பொட்டு வைத்தேன். சுவரோரமாக, கண்ணில் படாத இடமாகப் பார்த்து ஊற்றலாம் என்று ஒதுங்கினேன்.

"அம்மா" என்றாள் பவானி. எத்தனையோ நாளுக்குப் பிறகு தமிழில். "நடு ரோட்ல ஊத்து."

நடுரோட்டில்தான் ஊற்றினேன்.

அவளுக்கும் எனக்கும் எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். மறுநாளே பழையபடி ஸ்பானிஷ்தான். டெல்ஃபினா அக்கா பானைக்கும் சபை வாசலுக்கும் நடுவே அலைகிறார். அடுத்த முறையும் நிற்கப் போகிறார், இப்போதே தெருத்தெருவாகப் போய் எல்லார் வீட்டிலும் குடித்துக்கொண்டிருக்கிறார். என் அட்டை வந்தாலும் வரும், வராமலும் போகும். சந்தையில் மூலிகைக்கார அம்மாவிடம் சொல்லி, குடுக்கை நிறையச் சுண்ணாம்பு வாங்கி வைத்திருக்கிறேன்.